சின்னதா, பூப்போல அழுந்துற சுவிட்ச் எது? (சொந்தமாகக் கட்டும் கீபோர்டுக்கு)

கோபி_அச்சகம்:

எல்லோருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் நானே அடிப்பதுதான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்த கை என்பதால் பார்க்காமலே அடிப்பேன்.

ஆறு மாதமாக வலது கைச் சுண்டுவிரல் மட்டும் வலிக்கிறது. முகூர்த்த மாதம் வந்தால் ராத்திரி தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க முடிவதில்லை. டாக்டரிடம் காட்டினேன். எலும்பில் ஒன்றும் இல்லை, அளவுக்கு மீறி வேலை வாங்குகிறீர்கள் என்றார். விரலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார், செய்துகொண்டு இருக்கிறேன்.

அண்ணன் பையன் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். "அத்தை, நானே உங்களுக்குக் கீபோர்டு கட்டித் தருகிறேன், சுவிட்ச் மட்டும் எது வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்க" என்கிறான். எனக்கு இரண்டே நிபந்தனை. லேசாக அழுந்த வேண்டும். இடத்தை அடைக்கக் கூடாது, ஏனென்றால் அதே மேசையில் லேமினேஷன் மெஷினும் கட்டிங் மெஷினும் உட்கார்ந்திருக்கின்றன. என்ன வாங்கச் சொல்லட்டும்?

நொய்யல்காரன்:

அக்கா, சுவிட்ச் சின்னதாக இருப்பது வேறு, கீபோர்டு சின்னதாக இருப்பது வேறு. முதலில் சுவிட்சை, அதாவது ஒவ்வொரு கீக்கும் அடியில் அழுந்துகிற பாகத்தைச் சொல்கிறேன்.

கடைகளில் அதிகம் கிடைப்பது செர்ரி எம்எக்ஸ் வகை. 1983 முதல் இருக்கிற அமைப்பு. முழுதாக அழுத்தினால் 4 மி.மீ. இறங்கும், பாதி வழியில் 2 மி.மீ. போனதும் எழுத்து விழும். சுவிட்சைப் பிடித்திருக்கும் தகட்டுக்குக் கீழேயே 5 மி.மீ. உடம்பு இருப்பதால் கீபோர்டு தடிமனாகிவிடும், மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

உங்களுக்குக் கைல் கம்பெனியின் சாக் சுவிட்ச் சரிப்படும். அது 3 மி.மீ. தான் இறங்கும், எழுத்து 1.5 மி.மீ. இல் விழும். தகட்டுக்குக் கீழே 2.2 மி.மீ. மட்டும். இரண்டு கீக்கு நடுவே உள்ள தூரமும் குறையும். எம்எக்ஸ் வகைக்கு நெடுக்கிலும் குறுக்கிலும் 19.05 மி.மீ. கணக்கு, சாக் சுவிட்சை 18க்கு 17 என்று நெருக்கலாம். சுண்டுவிரல் எட்ட வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைகிறது.

அழுத்தத் தேவையான கனம் என்று பார்த்தால் சாக் ரெட் 50 கிராம், பிரவுனும் ஒயிட்டும் 60, ப்ரோ ரெட் 35. இன்னும் லேசாக 20 கிராமில் கூட இருக்கிறது. ரெட் வகை எல்லாம் தடங்கல் இல்லாமல் நேராக இறங்கும். பிரவுன் நடுவில் ஒரு சின்ன மேடு ஏறி இறங்கும். ஒயிட் கிளிக் கிளிக் என்று கத்தும், கடையில் வைத்தால் வாடிக்கையாளர் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கை. சாக்கில் வி1, வி2 என்று இரண்டு உண்டு. வி1க்கு மேலே இரண்டு துளை, கீகேப்பில் (மேலே மாட்டுகிற மூடி) இரண்டு கால். வி2க்குத் தலையில் எம்எக்ஸ் மாதிரி கூட்டல் குறி. வி2க்கு அடியில் நடுக்கால் தடிமன் என்பதால் வி1க்குப் போட்ட சர்க்யூட் பலகையில் உட்காராது. பையனிடம் எழுத்தெழுத்தாகச் சொல்லி விடுங்க, ஆர்டர் போட்ட பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை.

சந்தைக்கடை:

இதுக்கு ஏனுங்க இவ்வளவு? காந்திபுரத்தில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் 6க்கு 6 மி.மீ. டாக்ட் சுவிட்ச் கொடுப்பான். ஒன்றிரண்டு ரூபாய். அதுவே ரொம்பச் சின்னது. நாற்பது வாங்கி டாட் போர்டில் பற்றவைத்தால் கீபோர்டு ரெடி.

நொய்யல்காரன்:

சின்னதுதான், ஆனால் கல்லு மாதிரி இருக்கும். டாக்ட் சுவிட்ச் சாதாரணமாக 160 கிராம், 250 கிராம் என்று வரும். கால் மி.மீ. இறங்கி டக்கென்று நிற்கும். வாஷிங் மெஷினில் நாளுக்கு ஒருமுறை அழுத்துவதற்குச் செய்தது அது. அதில் ஒரு நாள் முழுக்கப் பத்திரிகை அடித்தால் அக்காவுக்கு ஒன்பது விரலும் சேர்ந்து வலிக்கும்.

சந்தைக்கடை:

சரி சரி, மோட்டார் ஸ்டார்ட்டர் பட்டனோடு பார்க்கையில் லேசுதானே என்று நினைத்தேன்.

கோபி_அச்சகம்:

50 கிராம், 35 கிராம் என்கிறீர்கள். எனக்கு மளிகைக்கடைக் கிராம்தான் தெரியும். இப்போது நான் அடிக்கிற கீபோர்டு எத்தனை கிராம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தராசுத்தட்டு:

கல்லாப்பெட்டியைத் திறங்க அக்கா. ரூபாய்க் குறி போட்ட, 2011க்குப் பிறகு வந்த மஞ்சள் ஐந்து ரூபாய்க் காசு ஒன்று சரியாக 6 கிராம். (பழைய தடி ஐந்து ரூபாய் 9 கிராம், அதைக் கலந்து விடாதீங்க. 2019இல் வந்த புது டிசைனும் வேண்டாம், அது 6.74.) ஒரு கீ மேல் ஒவ்வொன்றாக அடுக்குங்க. எழுத்து விழுகிற காசில் நிறுத்தி ஆறால் பெருக்குங்க. மெதுவாக வையுங்க, மேலிருந்து போட்டால் கணக்குத் தப்பும்.

கோபி_அச்சகம்:

சிரிக்காதீர்கள், கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அடுக்கினேன். பத்துக் காசு வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதினொன்றாவதை வைத்ததும் மெதுவாக அமுங்கி, கோபுரமே சரிந்து காசு பேப்பர் கட்டுக்கு அடியில் ஓடியது. திரையில் ஒரு 'ந'. ஆக 60க்கு மேல், 66க்குள்.

அப்படியானால் 35 என்பது ஆறு காசு! பாதிக்குப் பாதி. 20 கிராம் என்றால் மூன்று காசுக்குக் கொஞ்சம்தான் மேல். நம்பவே முடியவில்லை.

இறகுவிரல்:

அக்கா, யோசிக்காமல் 20 கிராம் போடுங்க. நான் சூலூரில் இருந்து வேலை பார்க்கிற கோடிங்காரன். ஒரு வருஷமாக 20 தான். விரலை மேலே வைத்துக்கொண்டு நினைத்தாலே போதும், எழுத்து விழும். இதற்குப் பிறகு ஆபீஸ் லேப்டாப்பைத் தொட்டால் ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது போல் இருக்கிறது.

பழைய_ரெமிங்டன்:

தம்பி சொல்வது அவர் கைக்குச் சரி. டைப்ரைட்டரில் பழகிய கைக்கு அது ஒத்து வராது அம்மணி. நானும் ஈரோட்டில் இன்ஸ்டிட்யூட்டில் மெஷினை ஓங்கி அடித்துப் பழகியவன். லேசான சுவிட்ச் போட்ட புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்பிரிங் தாங்கிப் பிடிக்காததால் என் விரல் முழு வேகத்தில் போய் அடித்தட்டில் இடித்தது. ஒரு வாரத்தில் விரல் நுனி எல்லாம் எரிச்சல். கனத்தால் வந்த வலி போய், இடியால் வந்த வலி ஆரம்பித்தது. லேசான சுவிட்ச் வாங்கினால் கையையும் லேசாக்க வேண்டும், அதற்கு எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

பெட்டியில் போட்ட கிராம் எழுத்து விழும் இடத்துக் கனம் என்பதையும் மறக்காதீங்க. அடிவரைக்கும் அழுத்தினால் அதைவிடக் கூடும்.

தராசுத்தட்டு:

ஐயா சொன்னது சரி. நான் இதை அளந்தே பார்த்திருக்கிறேன். வீட்டில் நகைப் பட்டறை, செல்வபுரத்தில். அப்பாவின் எலெக்ட்ரானிக் தராசு நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும். சுவிட்ச் அடியில் கால் இருப்பதால் தட்டில் நிற்காது. ஒரு துண்டு தெர்மாகோலில் குத்தி வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, இரண்டு பின்னிலிருந்தும் மல்டிமீட்டருக்குக் கம்பி எடுத்தேன். சாதாரண ஒயர் போட்டால் ஒயரே தட்டை இழுத்துவிடுகிறது. மோட்டார் வைண்டிங் கட்டுகிற பக்கத்துக் கடையில் முடி மாதிரி செம்புக் கம்பி ஒரு முழம் வாங்கி, முனையில் எனாமலைச் சுரண்டிச் சேர்த்தேன். பிறகு பென்சில் பின்பக்கத்தால் மெதுவாக அழுத்த வேண்டியதுதான். மீட்டர் பீப் என்று கத்தும்போது தராசு என்ன காட்டுகிறதோ அதுதான் நிஜக் கனம்.

என்னிடம் இருந்த பத்து ப்ரோ ரெட்டில் 33 முதல் 39 வரை வந்தது. சாக் ரெட்டில் 46 முதல் 55 வரை. ஒரே பெட்டி, ஒரே நிறம்! அதனால் 35க்கும் 38க்கும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. 20, 35, 50 என்று பெரிய படியாகப் பாருங்க.

இன்னொன்று. கோயமுத்தூரில் ஸ்பிரிங் சுற்றித் தராத பட்டறையா என்று ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கணபதிப் பக்கம் அலைந்தேன். ஒரு பட்டறைக்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இதைச் சுற்றுவதற்கு முன்னால் நான் தும்மினால் காணாமல் போய்விடும். ஆயிரம் பீஸ் என்றால் யோசிக்கிறேன்" என்றார். யோசனை அத்தோடு முடிந்தது.

கோபி_அச்சகம்:

பையன் மாதிரிக்கு 20, 35, 50 மூன்றிலும் சிலது வாங்கி, ஒரு சின்னப் பலகையில் இடது கைக்கான கீ மட்டும் கட்டிக் கொடுத்தான். முதலில் எல்லாமே 20. ஐயோ, வெண்ணெய்தான். இறகுவிரல் தம்பி சொன்னது நிஜம்.

ஆனால் ஒரு விநோதம். கடைக் கீபோர்டையும் இதையும் சேர்த்து வைத்து, இடது கை இதிலும் வலது கை அதிலுமாக ஒரு பத்திரிகை அடித்தேன். "அப்பா" என்று அடித்தால் "அபபா" வருகிறது. "பத்திரிகை" என்பது "பததிரிகை". எல்லா நேரமும் இல்லை, பத்தில் மூன்று முறை. வேறு எழுத்து கூடுதலாக விழவில்லை, புள்ளி மட்டும் காணாமல் போகிறது. சுவிட்ச் கெட்டதா?

சிறுவாணி99:

அக்கா, நீங்கள் அடிப்பது தமிழ்99 அமைப்பா?

கோபி_அச்சகம்:

ஆமாம். டைப்ரைட்டர் முறையில்தான் ஆரம்பித்தேன், பதினைந்து வருஷம் முன்னால் தமிழ்99க்கு மாறினேன்.

சிறுவாணி99:

அப்படியென்றால் சுவிட்ச் நல்லாத்தான் இருக்கிறது, உங்கள் இடது சுண்டுவிரல்தான் சும்மா இருக்கவில்லை. தமிழ்99இல் ஒரே மெய் இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வரும். ப, ப என்றால் 'ப்ப'. அது வேண்டாம், 'பப' தான் வேண்டும் என்றால் நடுவில் 'அ' அடிக்க வேண்டும். அந்த 'அ' திரையில் தெரியாது, புள்ளியை மட்டும் தடுக்கும். 'அ' எங்கே இருக்கிறது? ஆங்கில ஏ இருக்கும் இடத்தில், இடது சுண்டுவிரல் ஓய்வாக உட்காரும் இடத்தில். 20 கிராமில் உங்கள் விரலின் எடையே அதை அழுத்தியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத 'அ' விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் அடிக்கிறவருக்கு இது உடனே தெரியும், திரையெல்லாம் ஏ ஏ ஏ என்று ஓடும். தமிழ்99இல் அது ஒளிந்துகொள்கிறது. 700 பத்திரிகை அச்சாகி வந்த பிறகுதான் மாப்பிள்ளையின் அபபா தெரிவார்.

இறகுவிரல்:

இதனால்தான் எனக்குப் பிரச்சினை இல்லாமல் இருந்திருக்கிறது. நான் விரலைத் தூக்கியே வைத்திருப்பேன், தமிழும் கீபோர்டில் அடிப்பதில்லை. என் வார்த்தையைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

சிறுவாணி99:

தமிழ்99 என்றதும் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. உங்கள் வலிக்குக் காரணமே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1999இல் அரசு தரப்படுத்திய அமைப்பு இது. உயிரெழுத்து இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. நல்ல யோசனைதான், இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். ஆனால் வலது சுண்டுவிரலுக்கு என்னென்ன எழுத்து என்று எண்ணிப் பாருங்க. ந, ய, ண, ச, ஞ, ழ. ஆறு! இடது சுண்டுவிரலுக்கு அ, ஆ, ஔ மூன்றுதான். ஔ எப்போதாவது விழும்.

உங்கள் தொழில் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்க. 'நிச்சயதார்த்தம்' அடிக்க வலது சுண்டுவிரல் நான்கு முறை போகிறது: ந, ச, ச, ய. 'ஞாயிற்றுக்கிழமை'யில் மூன்று முறை: ஞ, ய, ழ. ஞாயிற்றுக்கிழமை இல்லாத பத்திரிகை ஏதாவது இருக்கிறதா?

கோபி_அச்சகம்:

இதைப் படித்துவிட்டு மேசை மேல் வெறும் விரலால் 'ஞாயிற்றுக்கிழமை' அடித்துப் பார்த்தேன். ஆமாம் தம்பி. இத்தனை வருஷமாக அடிக்கிறேன், ஒரு நாளும் எண்ணவில்லை.

நொய்யல்காரன்:

அட, நான் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. அக்காவுக்கு 36 கீ உள்ள இரட்டைக் கீபோர்டு சொல்லலாம் என்று இருந்தேன். அதில் ஒவ்வொரு கைக்கும் ஐந்து பத்திதான். ய, ச, ஞ மூன்றுக்கும் இடமே இருக்காது.

சிறுவாணி99:

36 வேண்டவே வேண்டாம். கோர்ன் என்ற 42 கீ டிசைன் போடச் சொல்லுங்க. கைக்கு ஆறு பத்தி, மூன்று வரிசை, கட்டைவிரலுக்கு மூன்று. வலது கடைசிப் பத்தியில் மேலே 'ச', நடுவில் 'ய' அப்படியே பழைய இடத்தில் உட்காரும். அதற்குக் கீழே ஒரு கீ காலி, அதில் 'ஞ'. எண்ணெல்லாம் கட்டைவிரலால் ஒரு கீயைப் பிடித்துக்கொண்டு அடிக்கிற அடுக்கில் போய்விடும்.

பையனுக்கு ஒரு குறிப்பு. கீபோர்டு தமிழ் எழுத்தை அனுப்புவதில்லை. அது அனுப்புவது கீயின் குறியீட்டை மட்டும்தான், தமிழாக்குவது கம்ப்யூட்டரில் இருக்கிற என்எச்எம் ரைட்டர் மாதிரி மென்பொருள். ஆகவே கியூஎம்கேயில் (கீபோர்டுக்குள்ளேயே ஓடுகிற மென்பொருள்) 'ஞ' வேண்டிய இடத்தில் வலது சதுர அடைப்புக்குறியின் குறியீட்டைப் போட்டால் போதும். தமிழுக்கென்று தனியாக ஒன்றும் எழுத வேண்டாம்.

நொய்யல்காரன்:

இவ்வளவு தூரம் வந்தபிறகு எழுத்தையே இடம் மாற்றிவிடலாமே? 'ய'வைத் தூக்கிக் கட்டைவிரலில் போட்டுவிட்டால் சுண்டுவிரலுக்கு நிறைய வேலை மிச்சம்.

பழைய_ரெமிங்டன்:

சொல்வது சுலபம். டைப்ரைட்டரிலிருந்து தமிழ்99க்கு மாறிய அந்த மூன்று மாதத்தில் என் கை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கல்யாண சீசனில் இதைச் செய்தால் பத்திரிகையில் மணமகனுக்கும் மணமகளுக்கும் பெயர் மாறிவிடும். 'ஞ' மாதிரி அரிதான எழுத்தை வேண்டுமானால் நகர்த்துங்க, 'ய'வைத் தொடாதீங்க. தெரிந்தவர் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு வரி அடிக்க வேண்டி வந்தால் என்ன செய்வார்?

தராசுத்தட்டு:

எழுத்தை மாற்ற வேண்டாம், கனத்தை மாற்றுங்க. எல்லாக் கீக்கும் ஒரே சுவிட்ச் என்று யார் சொன்னது?

என் யோசனை இது. விரல் ஓய்வாக உட்காரும் எட்டுக் கீக்கும் 35. அதில் 'அ' மட்டும் 50, அந்த மாய 'அ' விழாமல் இருக்க. சுண்டுவிரல் எட்டிப்போய்த் தொடுகிற ச, ய, ண, ழ நான்குக்கும் 20. அங்கே விரல் ஓய்வெடுப்பதில்லை, ஆகவே தானாக அழுந்தாது. எட்டும்போதுதான் விரலுக்குப் பலம் குறைவு, அங்கேதான் லேசாகவும் இருக்க வேண்டும். கட்டைவிரலுக்கு 50 போட்டாலும் அது கண்டுகொள்ளாது. மிச்சமெல்லாம் 35.

சாக்கெட் வைத்த பலகையாக வாங்கச் சொல்லுங்க. சுவிட்சைப் பிடுங்கிப் பிடுங்கி மாற்றிப் பார்க்கலாம், சால்டரிங் அயனை எடுக்க வேண்டியதில்லை.

இறகுவிரல்:

இது நெம்ப நல்ல யோசனை. நானும் என்னுடையதில் இரண்டை மாற்றப் போகிறேன்.

பின்னலாடை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், திருப்பூரிலிருந்து. சாக் ரெட்டை இன்னும் வழுவழுப்பாக்க எண்ணெய் விடலாமா? எங்கள் கம்பெனியில் நிட்டிங் மெஷினுக்கு ஊற்றுகிற வெள்ளை எண்ணெய் கேன் கேனாக இருக்கிறது. நாலு சுவிட்சுக்குத் தொட்டு வைத்தேன். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது வாரம் 'க' ஒரு தரம் தட்டினால் 'க்க' வருகிறது, இன்னொன்று வரவே மாட்டேன் என்கிறது.

தராசுத்தட்டு:

தண்ணி மாதிரி எண்ணெய் ஊர்ந்து போய் உள்ளே இருக்கிற தகடு தொடும் இடத்தில் நின்றிருக்கும். அந்த நாலையும் குப்பையில் போடுங்க. பக்கவாட்டில் உரசும் இடத்துக்குக் கெட்டியான கிரீஸ், க்ரைடாக்ஸ் 205 மாதிரி, ஓவியத் தூரிகை நுனியில் தொட்டு மெல்லிசாகப் பூச வேண்டும். தகட்டுப் பக்கம் போகவே கூடாது. சாக் சுவிட்ச் உள்ளே இடமே இல்லை, கொஞ்சம் அதிகமானாலும் மந்தமாகிவிடும். புதிதாகக் கட்டுகிறவர் எண்ணெயே இல்லாமல் ஆரம்பிப்பது நல்லது.

பல்லடம்_லேசர்:

சுவிட்சை மாட்டுகிற தகடு பற்றி யாரும் சொல்லவில்லையே. போர்டு எழுத்து வெட்டுகிற லேசர் கடை வைத்திருக்கிறேன். பையன்கள் வந்து கீபோர்டுத் தகடு கேட்டால் கையில் இருக்கிற 3 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டித் தந்துகொண்டு இருந்தேன். சாக் சுவிட்சுக்கு அது ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. தகடு 1.2 மி.மீ. இருந்தால்தான் பக்கத்துக் கொக்கி மாட்டும். 3 மி.மீ. போட்டால் கொக்கி மாட்டாததோடு, காலும் பலகையில் முழுதாக இறங்காது.

துளை அளவும் கவனிக்கணும். சாக்குக்கு 13.8 மி.மீ. சதுரம். அக்ரிலிக் வெட்டும்போது லேசர் தன் பங்குக்கு ஒரு நூலளவு எரித்துவிடும். வரைபடத்தில் அதைக் கழித்து வரைந்து, முதலில் ஒரே ஒரு துளை வெட்டி, சுவிட்சை மாட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வெட்டச் சொல்லுங்க. எந்தக் கடையாக இருந்தாலும் இதைச் செய்யாமல் 42 துளை வெட்டாதீங்க. நான் ஒருவருக்கு வெட்டிக் கொடுத்து, கீபோர்டைக் கவிழ்த்ததும் சுவிட்செல்லாம் நெல் கொட்டுவது போல் கொட்டியது.

நொய்யல்காரன்:

ஒன்று விட்டுப்போயிற்று. கோர்ன் இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் ஹெட்போன் ஒயர் மாதிரி, முனை நான்கு பாகமாகப் பிரிந்திருக்கும் கேபிள். கம்ப்யூட்டரில் செருகியிருக்கும்போது அதைப் பிடுங்கவோ மாட்டவோ கூடாது. உள்ளே போகும் வழியில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகும். பிடுங்கும்போது முதலில் யூஎஸ்பி, அப்புறம்தான் அது; மாட்டும்போது முதலில் அது, கடைசியில் யூஎஸ்பி.

கோபி_அச்சகம்:

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன். ஆடி மாதம் கடை காற்று வாங்கியதால் பழக நேரம் கிடைத்தது.

பையன் கட்டி முடித்துவிட்டான். தராசுத்தட்டு தம்பி சொன்ன கணக்குத்தான், இரண்டு மாற்றத்தோடு. 'ந' இருக்கும் இடத்தில் 35 போட்டும் முதல் வாரம் அவ்வப்போது தானாக விழுந்தது, என் வலது சுண்டுவிரல் கொஞ்சம் தொங்குகிறது போல. அதையும் 50 ஆக்கினோம். வலிக்கிற விரலுக்குக் கனமான சுவிட்சா என்று பயந்தேன், ஆனால் விரலை நிம்மதியாக வைக்க முடிகிறது. முன்னால் விழுந்துவிடுமோ என்று தூக்கியே பிடித்திருந்தேன், அந்த இறுக்கம் போய்விட்டது.

இரண்டாவது, 'ஞ'. கீழ் மூலையில் வைத்துப் பார்த்தோம், சுண்டுவிரல் மடங்கிக் கோணலாகப் போக வேண்டியிருந்தது. இப்போது வலது கட்டைவிரலில் கடைசிக் கீ. நான்கு நாளில் பழகிவிட்டது. 'ஞாயிற்றுக்கிழமை' இப்போது கட்டைவிரலில் ஆரம்பிக்கிறது.

நேற்று ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் பத்திரிகை இதில் அடித்தேன். நாலு பக்கம், இருவீட்டார் அழைப்பு, உறவுமுறை எல்லாம் சேர்த்து நூற்றுப் பதினேழு பெயர். ராத்திரி சொம்பைத் தூக்கிக் குடித்தேன். வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், சாயங்காலம் ஆனால் லேசாகத் தெரிகிறது. பழைய_ரெமிங்டன் ஐயா சொன்ன மாதிரி ஓங்கி இடிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை, பையன் பக்கத்தில் உட்கார்ந்தால் "அத்தை, தகரக்கொட்டாயில் மழை பெய்யுது" என்கிறான். வேகமும் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை, முக்கால்வாசி வந்திருக்கிறது.

தமிழ் எழுத்துப் போட்ட சாக் கீகேப் எங்கேயும் கிடைக்கவில்லை. எனக்குத் தேவையில்லை. கடைக்கு வருகிற பெண் பிள்ளைக்காக நானே ஸ்டிக்கர் அச்சடித்து ஒட்டிவிட்டேன், அச்சகம் வைத்திருந்து அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

பழைய_ரெமிங்டன்:

சந்தோஷம் அம்மணி. மழை மெதுவாகத்தான் நிற்கும்.

சிறுவாணி99:

அக்கா, 'ச'வில் போட்ட 20 கிராம் எப்படி இருக்கிறது? பக்கத்துக் கீக்குப் போகும்போது தவறிப் படுகிறதா?

கோபி_அச்சகம்:

'ண' அடிக்கப் போய் 'ச' இரண்டு மூன்று முறை விழுந்தது. "கண்ணன்" ஒருமுறை "கச்சன்" ஆனார். பிழை பார்க்கையில் பிடித்துவிட்டேன். இன்னும் பதினைந்து நாள் பார்த்துவிட்டு, சரிவரவில்லை என்றால் 35 போட்டுக்கொள்கிறேன், பிடுங்கி மாட்டுவதுதானே.

ஒரு விஷயம். பலகை குறைந்தபட்சம் ஐந்தாகத்தான் ஆர்டர் எடுத்தார்கள். ஒரே பலகையைத் திருப்பிப் போட்டால் இடது, வலது இரண்டுக்கும் ஆகும், ஆக எனக்கு இரண்டு போதும். மூன்று மிச்சம். யாருக்காவது வேண்டுமென்றால் கோபிக்கு வாங்க, டீ குடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.

பின்னலாடை:

எனக்கு இரண்டு எடுத்து வையுங்க அக்கா, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எண்ணெய் விட மாட்டேன். மூன்றாவதை என்ன செய்வீங்க?

கோபி_அச்சகம்:

அதன் மேல்தான் இப்போது டீ கிளாஸ் இருக்கிறது.